ரோபோவின் கைக்குக் கிரிப்பர் வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.என்.சி. லேத்துகளில், அதாவது கணினி இயக்கும் கடைசல் எந்திரங்களில், வார்ப்புப் பாகங்களை ஏற்றி இறக்கும் ரோபோக்களுக்குக் கிரிப்பர், அதாவது பிடிக்கும் கை, வடிவமைப்பது என் தொழில். கோவையைச் சுற்றியுள்ள பம்ப், மோட்டார் பட்டறைகளில் முதல் ரோபோவை வாங்கப்போகும் உரிமையாளர்களும், டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெயின்ட் அடிப்பது, வெல்டிங் செய்வது போன்ற வேலைகளுக்கான கருவிகளைப் பற்றி இதில் பேசவில்லை. பாகத்தைப் பிடித்துத் தூக்கி, வைத்து விடும் கையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

கிரிப்பரை ரோபோ நிறுவனமே தராதா?

பெரும்பாலும் தராது. ரோபோ வந்து இறங்கும்போது அதன் மணிக்கட்டின் முனையில் துளையிட்ட ஒரு வட்டத் தகடு மட்டும் இருக்கும். அந்தத் தகட்டைத்தான் ஃபிளேஞ்ச் என்கிறோம். அதன் அளவுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 9409-1 என்ற பொதுத் தரம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக 50-4-எம்6 என்று குறிப்பிட்டிருந்தால், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு எம்6 துளைகள் இருக்கின்றன என்று பொருள். அந்தத் தகட்டில் நாம் மாட்டும் அனைத்தும் நம் பொறுப்பு.

1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு நின்ற யூனிமேட் தான் முதல் தொழிற்சாலை ரோபோ. அதற்குக் கொடுத்த வேலை, டை காஸ்டிங் எந்திரத்திலிருந்து சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பது. முதல் நாளிலிருந்தே ரோபோவின் பயன் அதன் பிடியில்தான் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இந்தத் தொழிலின் மீது மரியாதை கூடுகிறது.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பாகம் குவிந்து கிடக்கும் தொட்டியிலிருந்து. கணினியில் வரைபடத்தைத் திறப்பதற்கு முன் பட்டறைக்குப் போய், அந்தத் தொட்டியிலிருந்து இருபது முப்பது பாகங்களைக் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் மிக மோசமானவற்றைத் தனியே ஒதுக்கி, உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அந்த மோசமான பாகங்களுக்குத்தான் நாம் கிரிப்பர் செய்கிறோம். நல்ல பாகத்தை எந்தக் கிரிப்பரும் பிடித்துவிடும்.

வரைபடத்தில் 82 மில்லிமீட்டர் விட்டம் என்று இருக்கும். மணல் வார்ப்பில் வந்த உண்மையான பாகத்தை அளந்தால் ஒரு பக்கம் 82, இன்னொரு பக்கம் 83.5 என்று வரும். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பக்கச் சுவர்கள் ஓரிரு பாகை சாய்ந்திருக்கும். இவை மூன்றும் வார்ப்பின் இயல்பு, குறை என்று சொல்ல முடியாது. ஆனால் விரல்கள் எந்த இடத்தைத் தொடுகின்றன என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

என் தொடக்க காலத்தில் ஒரு பட்டறைக்குச் செய்த கிரிப்பரில் விரல்களைச் சரியாக அந்த இணைப்புக் கோட்டின் மேல் உட்கார வைத்துவிட்டேன். கணினித் திரையில் கோடு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிசிறு பெரிதாக இருந்த பாகமெல்லாம் விரலுக்குள் சாய்ந்து நின்று, சக்குக்குள் (லேத்தில் பாகத்தை இறுகப் பிடித்துச் சுழற்றும் பகுதி) சாய்ந்தே போனது. அந்த வாரம் முழுவதும் வீணான பாகங்களின் குவியலை உரிமையாளர் ஒரு வார்த்தை பேசாமல் எனக்குக் காட்டினார். இன்று வரை விரல் தொடும் பரப்பில் இணைப்புக் கோட்டுக்காக ஒரு சிறு பள்ளம் வெட்டாமல் நான் வரைபடத்தை வெளியே விடுவதில்லை.

பாகத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்திரம் கடைந்து முடித்த பிறகு எந்தப் பரப்பு மிஞ்சும்? உள்ளே போகும்போது பிடித்த இடம் வெளியே வரும்போது கடையப்பட்டுச் சிறுத்திருக்கும், வழவழப்பாகவும் இருக்கும். அங்கே எஃகு விரல் பட்டால் கோடு விழும். ஒரே பாகத்துக்கு இரண்டு விதமான விரல்கள் தேவைப்படுவது இதனால்தான்.

பத்துக் கிலோ ரோபோ பத்துக் கிலோ பாகத்தைத் தூக்குமா?

தூக்காது. அந்தப் பத்துக் கிலோவில் கிரிப்பர், அதை மாட்டும் தகடு, வால்வு, குழாய், பாகம் எல்லாம் அடக்கம். இரட்டைக் கிரிப்பர் 3.5 கிலோ, தகடு அரைக் கிலோ, இரண்டரைக் கிலோ பாகங்கள் இரண்டு என்றால் கூட்டிப் பாருங்கள், 9 கிலோ வந்துவிட்டது.

எடையைவிட அதிகமாக ஏமாற்றுவது தூரம். அந்த 9 கிலோவின் ஈர்ப்பு மையம் மணிக்கட்டு அச்சிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், மணிக்கட்டின் மீது விழும் திருப்புவிசை சுமார் 13 நியூட்டன் மீட்டர். அதே எடை 250 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 22. நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியைத் தொடங்கவோ நிறுத்தவோ எடை காட்டும் எதிர்ப்பு) இன்னும் கொடுமை, ஏனென்றால் அது தூரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 150இலிருந்து 250க்குப் போகும்போது அது 2.8 மடங்காகிறது. ரோபோ கையேட்டில் ஒவ்வொரு மணிக்கட்டு அச்சுக்கும் இந்த இரண்டு எல்லைகளும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். எடை சரியாக இருந்து இவற்றில் ஒன்று மீறினாலும் அந்த ரோபோ உங்கள் வேலைக்குப் பொருந்தாது.

கணக்குப் போட்டு முடித்ததும் எடை, ஈர்ப்பு மையம் ஆகியவற்றை ரோபோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சரியாக எழுதுங்கள். பல இடங்களில் அந்தப் பக்கம் தொடப்படாமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தன் கையில் என்ன எடை இருக்கிறது என்று ரோபோவுக்குத் தெரியாவிட்டால், மோதாமலே மோதியதாக நின்றுவிடும், இயக்கம் அதிரும், கியர்கள் சீக்கிரம் தேயும்.

எவ்வளவு விசையோடு பிடிக்க வேண்டும்?

கணக்கு எளியதுதான். 4 கிலோ பாகம் என்று வைத்துக்கொள்வோம். ரோபோ மேல்நோக்கி வேகமெடுக்கும்போதும் திடீரென்று நிற்கும்போதும் ஈர்ப்போடு முடுக்கமும் சேரும். முடுக்கத்தை 10 மீட்டர்/விநாடி² என்று எடுத்தால், 4 × (9.81 + 10), ஏறத்தாழ 80 நியூட்டன். இந்த 80 நியூட்டனை இரண்டு விரல்களின் உராய்வு மட்டுமே தாங்க வேண்டும் என்றால், கூலன்ட் (கடையும்போது குளிர்விக்க ஊற்றும் திரவம்) படிந்த எஃகு விரலுக்கு உராய்வுக் கெழு 0.1 என்றுதான் நான் எடுப்பேன். பாதுகாப்புக்கு இரண்டு மடங்கு. ஆக ஒவ்வொரு விரலுக்கும் 80 × 2 ÷ (2 × 0.1) = 800 நியூட்டன் வேண்டும். நான்கு கிலோ பாகத்துக்கு, ஒரு விரலில் மட்டும், எண்பது கிலோ எடைக்கு இணையான அழுத்தம்!

இந்த எண்ணைப் பார்த்ததும் பெரிய கிரிப்பரைத் தேடி ஓடாதீர்கள். விரலின் வடிவத்தை மாற்றுங்கள். தட்டையான விரலுக்குப் பதிலாக 90 பாகை V வெட்டு கொடுத்தால், அதே விசையில் உருளையின் அச்சுத் திசையில் உராய்வுப் பிடி சுமார் 41 சதவீதம் கூடுகிறது. அதைவிடச் சிறந்தது, பாகத்தின் ஏதோ ஒரு விளிம்புக்குக் கீழே விரலில் ஒரு சிறு உதடு விடுவது. அந்த உதட்டின் மேல் பாகம் உட்கார்ந்துவிட்டால் எடையைச் சுமப்பது உலோகத்தின் வலிமை, உராய்வு அன்று. கிணற்றடியில் குடத்தைக் கழுத்துக்குக் கீழே பிடிக்கிறோமே, அதே அறிவுதான். வார்ப்பில் அப்படியொரு விளிம்பு இருக்கிறதா என்று தேடுவதில் ஒரு நாள் முழுவதும் செலவழித்தாலும் அது வீண்போகாது.

கேட்டலாக்கில் போட்டிருக்கும் பிடிவிசையைப் படிக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். சில நிறுவனங்கள் எல்லா விரல்களின் விசையையும் கூட்டிப் போடுகின்றன, சில ஒரு விரலுக்குப் போடுகின்றன. இந்தக் கிரிப்பர்கள் அழுத்தக் காற்றில் இயங்குவதால், அந்த எண் எந்தக் காற்றழுத்தத்தில் என்பதும் முக்கியம். 6 பாரில் சொன்ன விசை, உங்கள் பட்டறைக் குழாயின் கடைசி முனையில் 4.5 பார்தான் இருந்தால் கால் பங்கு குறைந்துவிடும். விரல் நீள நீள அனுமதிக்கப்பட்ட விசையும் இறங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரமோ காற்றோ நின்றுவிட்டால்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கும் உரிமையாளரைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கேட்காதவர்களிடம் நானே சொல்கிறேன்.

மின்சாரம் போவதும் காற்று போவதும் வெவ்வேறு விபத்துகள். மின்சாரம் போனால் வால்வு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். ஒரே சுருளும் ஸ்பிரிங்கும் உள்ள வால்வு, மின்சாரம் போனதும் ஸ்பிரிங் பக்கம் திரும்பிவிடும். அந்தப் பக்கம் 'திற' என்று குழாய் மாட்டப்பட்டிருந்தால் பாகம் விழும். ஒரு முறை இரவு ஷிப்டில் மின்வெட்டு வந்தபோது, பிறர் மாட்டிய ஒரு கிரிப்பர் இப்படித் திறந்து, வார்ப்பு நேராக லேத்தின் ஓடுபாதை மேல் விழுந்ததை நான் பார்த்தேன். யாருக்கும் அடிபடவில்லை. அருகில் ஒருவர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே கிரிப்பருக்கு இரட்டைச் சுருள் 5/2 வால்வுதான் (ஐந்து வழி, இரண்டு நிலை) போடுகிறேன். மின்சாரம் போனாலும் அது கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும்.

காற்று போவதற்கு வேறு மருந்து. கிரிப்பருக்குள் மூடும் பக்கம் ஸ்பிரிங் உள்ள வகையை வாங்கலாம், காற்று முழுவதும் வடிந்தாலும் ஸ்பிரிங் ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும். அல்லது கிரிப்பரை ஒட்டியே ஒருவழி அடைப்பு வால்வைப் போட்டு, உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பூட்டிவிடலாம். இந்த இரண்டாவது வழி நீண்ட நேரம் தாங்காது, சீல்கள் வழியே மெல்லக் கசியும். முன்பு சொன்ன உதடு இருந்தால் இந்தக் கவலையில் பாதி தானாகக் குறைகிறது.

இரண்டு விரலா, மூன்று விரலா?

உருளை வடிவப் பாகத்தை லேத் சக்கில் ஏற்ற வேண்டுமானால் மூன்று. அது பாகத்தைத் தானே மையப்படுத்தும். சக்கிலும் மூன்று ஜா (பிடிக்கும் தாடைகள்) இருப்பதால், கிரிப்பர் விரல்கள் அவற்றுக்கு 60 பாகை தள்ளி, இடைவெளிகளில் நுழையும்படி வைக்க வேண்டும். பெட்டி போன்ற பாகங்களுக்கும் நீண்ட தண்டுகளுக்கும் இரண்டு விரல் போதும்.

ஒரே கையில் இரண்டு கிரிப்பர் எதற்கு?

லேத் சும்மா நிற்கும் நேரத்தைக் குறைக்க. ஒரு கிரிப்பர் மட்டும் இருந்தால், ரோபோ முடிந்த பாகத்தை எடுத்து வெளியே வைத்து, புதிய பாகத்தை எடுத்து மீண்டும் உள்ளே வர வேண்டும். அதுவரை கதவு திறந்து, ஸ்பின்டில் நின்றுகொண்டிருக்கும். இரண்டு கிரிப்பர்களை 90 பாகையில் மாட்டினால், ஒன்று முடிந்ததை எடுக்கும், மணிக்கட்டு திரும்பும், மற்றொன்று புதியதை வைக்கும். கதவு உடனே மூடும்.

விலை எடையில் கொடுக்கிறோம், லேத்துக்குள் இடத்திலும் கொடுக்கிறோம். சிறிய லேத்துக்குள் டர்ரெட், கதவுச் சட்டம், கூலன்ட் குழாய் எல்லாவற்றுக்கும் நடுவே இரண்டாவது கிரிப்பர் அதன் பாகத்தோடு சுழல இடம் இருக்கிறதா என்று கணினியில் பார்த்தால் போதாது. அட்டையை வெட்டி ஒட்டிக் கிரிப்பர் அளவுக்கு ஒரு மாதிரி செய்து, எந்திரத்தை அணைத்துவிட்டு, கையால் உள்ளே நுழைத்துப் பார்ப்பது என் வழக்கம். வரைபடத்தில் இல்லாத ஒரு குழாய் எப்போதும் இருக்கும்.

சக்கில் வைக்கும்போது பாகம் ஏன் சரியாக உட்கார்வதில்லை?

ரோபோவும் விறைப்பு, சக்கும் விறைப்பு. இரண்டும் ஒரே பாகத்தைத் தங்கள் மையத்துக்கு இழுக்கின்றன. ரோபோ திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும் துல்லியம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம், ஆனால் வார்ப்பு அப்படி இல்லையே. எனவே எங்கேயாவது நெகிழ்ச்சி கொடுத்தாக வேண்டும். நான் கிரிப்பரின் நடுவில், ஸ்பிரிங் மேல் மிதக்கும் ஒரு தள்ளு தகடு வைக்கிறேன். அதற்கு ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் நகர்வு. ரோபோ சக்கை நெருங்கியதும் விரல் பிடி தளரும், ஸ்பிரிங் தகடு பாகத்தைச் சக்கின் தாங்குமுகத்தோடு அழுத்தும், அந்த நிலையில் சக் மூடும்.

இந்தப் பிரச்சினையை ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்கள், 1970களில் அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் உருவான தொலைமைய நெகிழ்வுக் கருவியைத் தேடிப் படியுங்கள். ஆணியைத் துளைக்குள் நுழைக்கும்போது சிக்காமல் இருக்க, சுழலும் மையம் கருவிக்குள் இல்லாமல் ஆணியின் நுனியில் அமையும்படி ரப்பர் அடுக்குகளை வைத்தார்கள். அழகான சிந்தனை.

பாதி நேரம் காரணம் அதைவிட எளியது: தாங்குமுகத்தில் இரும்புச் சீவல் ஒட்டியிருக்கும். கிரிப்பரிலேயே ஒரு காற்று நாசில் வைத்து, பாகத்தை வைப்பதற்கு முன் சக்கை ஊதிவிடுங்கள்.

வாக்குவம் கப் போட்டால் வேலை எளிதாகிவிடாதா?

தட்டையான, காற்றுப் புகாத பரப்புக்கு மட்டும். தகடு, கண்ணாடி, அட்டைப்பெட்டி போன்றவற்றுக்கு அருமையானது, மணல் வார்ப்பின் சொரசொரப்புக்கு ஆகாது. 40 மில்லிமீட்டர் கப் ஒன்று 60 கிலோபாஸ்கல் வாக்குவத்தில் கோட்பாட்டளவில் 75 நியூட்டன் இழுக்கும். படுக்கையாகத் தூக்கினால் பாதுகாப்புக்கு இரண்டு மடங்கும், தகடு செங்குத்தாக நின்றால் நான்கு மடங்கும் கணக்கிடுவது வழக்கம்.

ஓசூரில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வளிமண்டல அழுத்தமே சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. கப்பை அழுத்திப் பிடிப்பது அந்த வளிமண்டலம்தான். சென்னையில் சோதித்து இறுக்கமாகக் கணக்கிட்ட கிரிப்பர் அங்கே தகட்டை நழுவவிடக்கூடும்.

விரல்களை எந்தப் பொருளில் செய்வது?

உடல் அலுமினியம், பாகத்தைத் தொடும் இடம் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பட்டை. இதுதான் என் பொதுவிதி. வார்ப்பைத் தொடும் பட்டைக்குக் கடினப்படுத்திய எஃகு, கடைந்த பரப்பைத் தொடும் பட்டைக்குப் பாலியூரித்தேன். கூலன்ட் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சில மாதங்களில் ஊதிப்போய் உரியும். அலுமினியத்தில் நேரடியாக மரை போட்டு, அடிக்கடி கழற்றும் போல்ட்டை அதில் மாட்டாதீர்கள், எஃகு மரைச்சுருளை உள்ளே பொருத்திக்கொள்ளுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த நைலான் விரல்கள் சோதனைக்கும் இலகுவான பாகங்களுக்கும் நன்றாக உழைக்கின்றன.

ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு டவல் பின்கள் (துளையில் கச்சிதமாக உட்காரும் உருளை ஊசிகள்) இருக்கட்டும். போல்ட் இறுக்கும், இடத்தைக் காப்பது பின். நள்ளிரவில் பட்டை மாற்றும் ஆபரேட்டர் தம்பி, ரோபோவுக்கு மறுபடி இடம் கற்பிக்காமல் எந்திரத்தை ஓட்ட முடிய வேண்டும்.

சென்சார் எத்தனை வேண்டும்?

கிரிப்பர் மூன்று நிலைகளைத் தனித்தனியே சொல்ல வேண்டும்: திறந்திருக்கிறேன், பாகத்தைப் பிடித்திருக்கிறேன், பாகம் இல்லாமல் முழுக்க மூடிவிட்டேன். பலர் முதலாவதையும் கடைசியையும் மட்டும் வைக்கிறார்கள். நடுவில் உள்ளதுதான் உயிர். இதற்காகவே, பாகத்தைப் பிடித்த பிறகும் விரலுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்வு மிச்சம் இருக்கும்படி வடிவமைக்க வேண்டும். அந்த மிச்சம் இல்லையென்றால், பிடித்ததற்கும் வெறுமனே மூடியதற்கும் எந்தச் சென்சாராலும் வேறுபாடு சொல்ல முடியாது.

டூல் சேஞ்சர் வாங்கலாமா?

ரோபோ தானே கிரிப்பரைக் கழற்றி மாற்றிக்கொள்ள உதவும் இணைப்பு அது. ஒரு நாளில் பல வகைப் பாகங்கள் ஓடினால் வாங்குங்கள். வாரம் ஒரு முறை மாறுமானால் பின் வைத்த விரல்களே போதும். சேஞ்சருக்கும் எடை உண்டு, தூரமும் கூடும். வாங்கினால், காற்று நின்றாலும் பூட்டு அவிழாத வகையா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோபோட் (மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ) வாங்கினால் வேலி வேண்டாம் என்கிறார்களே?

ரோபோ மனிதருக்கு அருகில் வேலை செய்யத் தகுந்ததாக இருக்கலாம். அதன் கையில் நீங்கள் மாட்டிய கிரிப்பரும், கிரிப்பர் பிடித்திருக்கும் கூரான வார்ப்பும் அப்படித் தகுந்தவையா? பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 10218இன் இரண்டாம் பகுதி, ரோபோ, கிரிப்பர், பாகம், சுற்றியுள்ள எந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பயன்பாடாகத்தான் பார்க்கிறது. 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. டி.எஸ். 15066, உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விசையைத் தாங்கலாம் என்று பட்டியலிட்டது. கையும் விரலும் நசுங்கும் நிலையில் எல்லை 140 நியூட்டன். மேலே நாம் கணக்கிட்ட விரல் விசை 800. அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இந்த வேலைக்கு நான் வேலி போடுவேன், கதவில் பூட்டுச் சுவிட்சும் வைப்பேன். செலவைக் குறைக்க வேறு நூறு இடங்கள் இருக்கின்றன.

முழுக் கிரிப்பரையும் நாமே செய்யலாமா?

பிஸ்டனும் வழிகாட்டியும் உள்ள உடலை வாங்குங்கள், விரலை நீங்கள் செய்யுங்கள். உங்கள் பாகத்தைப் பற்றிய அறிவு உங்களிடம்தான் இருக்கிறது, சீல் செய்யும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. மின்சாரக் கிரிப்பர் பற்றியும் கேட்பார்கள். விரல் நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டிய, பாகங்கள் பலவாக உள்ள இடத்தில் அது சிறப்பு. கூலன்ட் தெறிக்கும் லேத்துக்குள், ஒரே பாகத்துக்கு, நான் இன்னும் காற்றையே நம்புகிறேன்.

ஒப்படைப்பதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

முதல் நாளில் வாங்கி வந்த அந்த மோசமான பாகங்களை இப்போது வெளியே எடுங்கள். அவற்றில் எண்ணெய் தடவுங்கள். வேலிக்கு உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கீழே கெட்டியான ரப்பர் விரித்து, ரோபோவை முழு வேகத்தில் ஓட்டி, நடுவழியில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள். பாகம் விரலுக்குள் நழுவியதா என்று பார்க்க, முன்கூட்டியே சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவைத்தால் போதும். பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். அடுத்து மின்சாரம் இருக்க, காற்றை மட்டும் அடைத்துவிடுங்கள். பாகம் எத்தனை நிமிடம் தொங்குகிறது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதி, அந்த எண்ணை வேலிக் கதவின் மேல், ஆபரேட்டருக்குத் தெரியும்படி ஒட்டிவிட்டு வாருங்கள்.